பூப்பந்து ஆடும் பெண்ணின் வலது கை தடிக்கிறது: நிறுத்த வேண்டுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி அணியில் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடுகிறாள். சீருடைக்கு அளவெடுத்த டெய்லர், வலது கைக்கு மட்டும் அரை அங்குலம் கூடுதலாக விட வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு. "பொம்பளப் பிள்ளைக்குக் கை இப்படி ஆகலாமா" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். விளையாட்டை நிறுத்திவிடலாமா, இடது கைக்கு மட்டும் டம்பெல் வாங்கிக் கொடுத்தால் சமமாகிவிடுமா, இது ஏதாவது நோயா? இவைதான் அவருடைய மூன்று கேள்விகள்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலூர் வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி விளையாட்டுப் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன் அம்மா, விளையாட்டை நிறுத்த வேண்டாம். இடது கைக்கு மட்டும் டம்பெல் என்பதும் சரியான வழி இல்லை. நோயா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லோருடைய கண்ணும் தடித்த வலது கை மேலேயே இருக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டியவை மெலிந்திருக்கும் இடது கையும், இரண்டு தோள்பட்டைகளின் பின்பக்கமும்.

வலது கை ஏன் தடிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஷட்டில் காக்கின் எடை 5 கிராம் அளவுதான். பூப்பந்தின் கம்பளிப் பந்தோ 27 முதல் 30 கிராம். ராக்கெட்டும் ஷட்டில் ராக்கெட்டைவிடக் கனமானது. பந்து ராக்கெட்டில் படும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு ஆடாமல் இருக்க முன்கைத் தசைகள் மொத்தமும் இறுகுகின்றன. ஒரு மாலைப் பயிற்சியில் இது எத்தனை நூறு முறை நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் இடது கை சமநிலைக்காக நீண்டு மடங்குவதோடு சரி. வேலை கிடைத்த தசையில் ஒவ்வொரு தசைநாரும் தடிக்கும். கூடுதல் வேலை கிடைக்காத தசை அப்படியே இருக்கும். ஐந்து வருடம் இப்படிப் போனால் அரை அங்குல வித்தியாசம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தசை மட்டுமல்ல, எலும்பும் வளர்கிறது. இதைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மேற்கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து அளந்து 1977இல் ஓர் ஆய்வு வெளியானது. ராக்கெட் பிடிக்கும் கையில் எலும்பின் வெளிச்சுவர், மற்ற கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. பின்லாந்தில் டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடும் பெண்களை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. வயதுக்கு வருவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு, பல வருடம் கழித்துத் தொடங்கியவர்களைவிட, ஆடும் கையின் எலும்பில் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகப் பலன் கிடைத்திருந்தது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் தொடங்கியவள். அறுபது வயதில் எத்தனை பெண்கள் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து வருகிறார்கள் என்பதைத் தினமும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வலது கை எலும்பு அவள் சம்பாதித்த சொத்து.

1962இலும் 1969இலும் ஒரே வருடத்தில் நான்கு பெரிய டென்னிஸ் பட்டங்களையும் வென்ற ஆஸ்திரேலியரான ராட் லேவர் இடது கை ஆட்டக்காரர். அவருடைய இடது முன்கை வலதைவிடப் பருத்திருப்பது அந்தக் காலத்துப் படங்களில் பார்த்தாலே தெரியும். யாரும் அவருக்கு வைத்தியம் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் ஊரிலேயே லுங்கி நெய்யும் குழித்தறிக்காரர்களைப் பாருங்கள். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கிறது, மறு கை பலகையை அடிக்கிறது. இருபது வருடம் தறியில் உட்கார்ந்தவரின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதை யாரும் நோய் என்று சொல்வதும் இல்லை.

"ஆம்பளக் கை மாதிரி ஆயிடும்" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தசை பெரிதாகப் பருக்க டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் நிறைய வேண்டும். பெண்களுக்கு அது ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. இப்போதிருக்கும் வேகத்தில் வளர்ந்துகொண்டே போகாது, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அந்தப் பெண்ணின் காது கேட்க இந்தப் பேச்சைப் பேச வேண்டாம் என்று உறவினர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டையில் கையை மறைத்துக்கொண்டு, அப்புறம் மைதானத்துக்கே வராமல் போன பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் போனது நல்ல ஆட்டக்காரிகள்.

சரி, எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்? எந்த விளையாட்டும் ஆடாதவர்களுக்கே எழுதும் கை அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருப்பது சகஜம். பிடியின் பலத்திலும் வலது கைக்காரர்களுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் இருக்கும். ராக்கெட் விளையாட்டுக்காரர்களுக்கு முன்கையில் இதைவிட அதிகமாகவே இருக்கும். வீட்டில் அளந்து பார்க்க டெய்லர் டேப் போதும். ஆனால் முறையாக அளக்க வேண்டும். பயிற்சி முடித்து வந்தவுடன் அளக்காதீர்கள், அப்போது ரத்த ஓட்டத்தால் தசை உப்பியிருக்கும். காலையில் எழுந்ததும் அளப்பது நல்லது. முழங்கை எலும்பு முனையிலிருந்து கீழே 10 சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் அதே இடத்தில் அளக்க வேண்டும். மேற்கைக்குத் தோள் நுனிக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளி. ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபடி அளங்கள். நடுவில் வாரா வாரம் டேப்பை எடுத்தால் பிள்ளையின் மனதுதான் கெடும். வலது மெதுவாகக் கூடி இடது அப்படியே இருந்தாலோ, இரண்டும் கூடினாலோ கவலையில்லை. இடது குறைந்துகொண்டே வந்தால் அது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "வலது கை பெருத்துவிட்டது" என்று வருபவர்களில் எப்போதாவது ஒருவருக்கு வலது கை சரியாகவே இருக்கும், இடது கைதான் இளைத்திருக்கும். ஹிரயாமா நோய் என்று ஒன்று உண்டு. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், பெரும்பாலும் பையன்களுக்கு, ஒரு கையின் உள்ளங்கையும் முன்கையும் வலியே இல்லாமல் மெலியும். ஜப்பானிய மருத்துவர் ஹிரயாமா 1959இல் விவரித்த இந்த நோய் இந்தியாவிலும் நிறையப் பதிவாகியிருக்கிறது. கழுத்தைக் குனியும்போது கழுத்துப் பகுதித் தண்டுவடம் அழுந்துவதுதான் காரணம். குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல்கள் மேலும் பலவீனமாகும், நீட்டினால் நடுங்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கையில் இருக்கும் சதை வற்றிப் பள்ளமாகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் கழுத்துப் பட்டை போட்டால் மேலும் மெலிவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கழுத்தைக் குனிய வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும், சாதாரணமாகப் படுக்க வைத்து எடுத்ததில் தப்பிவிடலாம். பெண்களுக்கு அபூர்வம்தான். ஆனாலும் இதைப் படிக்கும் பையன்களின் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

இன்னொன்று தொழுநோய். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கும், அந்தப் பக்கம் தொட்டால் மரத்துப்போயிருக்கும், தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கும். இப்படி மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே வேலூர்தான். 1940களின் பிற்பகுதியில் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் செய்த தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மாற்று சிகிச்சைகளும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் பணியும் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றவை. இன்று அந்த நிலைமைக்குப் போகவே வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், முழுமையாகக் குணமாகும். மரத்துப்போன இடம் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வீக்கம். தடிப்பதற்கும் வீங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தசை தடித்தால் தொட்டால் இறுக்கமாக இருக்கும், மாதக்கணக்கில் நடக்கும். ஒரே நாளில் கை முழுவதும் கனத்து, தோல் நீலம் பாரித்து, தோளருகே ரத்தக்குழாய்கள் புடைத்துத் தெரிந்தால் அது காறை எலும்புக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் விளையாட்டுக்காரர்களுக்கு அபூர்வமாக இது வரும். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம், காலை வரை காத்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலெழும் வீக்கம் என்றால் நிணநீர்க் கோளாறாக இருக்கலாம், அதற்கும் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது முதுகுப் பக்கம் வருவோம். மகளை மெல்லிய பனியனோடு சுவரைப் பார்த்து நிற்க வைத்து, பின்னாலிருந்து பாருங்கள். ராக்கெட் கையின் தோள் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இது பல வருடம் ஆடியவர்களிடம் வழக்கமாகத் தெரிவதுதான். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகைவிட்டுத் தூக்கிக்கொண்டு இறக்கை மாதிரி நிற்கிறதா? கையை மெதுவாகத் தூக்கி இறக்கும்போது ஒரு பக்கம் மட்டும் துள்ளுகிறதா? அப்படியென்றால் அந்த எலும்பைப் பிடித்து வைக்கும் தசைகள் பின்தங்கியிருக்கின்றன. வாலிபால் ஸ்மாஷ் அடிப்பவர்களிடம் இன்னொன்றையும் பார்க்கலாம். அடிக்கும் கையின் தோள்பட்டைப் பின்புறம், எலும்பு மேட்டுக்குக் கீழே, சதை வற்றிப் பள்ளமாக இருக்கும். அங்கே போகும் நரம்பு இழுபட்டு நசுங்குவதால் வருவது, வலியே இருக்காது. நம் பக்கத்து ஊர்களில் வாலிபால் ஆடாத பையன் குறைவு, அதனால் அவர்களுக்கும் இது பொருந்தும். அப்புறம் மகளை முன்னால் குனியச் சொல்லுங்கள், கைகள் இரண்டும் சேர்ந்து தொங்கட்டும். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பினால் அது முதுகெலும்பு வளைவு. வளரும் பெண்களுக்கு வரக்கூடியது, விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தோள் உயரம் வித்தியாசமாக இருப்பதை விளையாட்டின் மேல் பழி போட்டு இதைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு.

இவை எதுவும் இல்லையென்றால் இனி செய்ய வேண்டியது பயிற்சிதான். இடது கைக்கு மட்டும் டம்பெல் ஏன் வேண்டாம் என்கிறேன்? நோக்கம் டேப்பில் இரண்டு எண்ணும் ஒன்றாக வருவது இல்லை. வலது தோளும் முதுகும் அடிபடாமல் இன்னும் பத்து வருடம் ஆட வேண்டும், இடது பக்கம் சோம்பிப் போகக் கூடாது. வலது கை பந்தடித்து வளர்ந்ததே தவிர, அதன் எல்லாத் தசைகளும் சமமாக வளரவில்லை. முன்பக்கமும் பிடிக்கும் தசைகளும் வளர்ந்திருக்கும், தோளின் பின்பக்கம் பின்தங்கியிருக்கும். அதனால் வலது கைக்கும் பயிற்சி தேவை, அது வேறு மாதிரிப் பயிற்சி.

ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பயிற்சியையும் இடது கையில் தொடங்க வேண்டும். இடது எத்தனை முறை ஒழுங்காகச் செய்ததோ, வலதும் அதே எடையில் அத்தனை முறைதான். வலதால் இன்னும் முடியும் என்றாலும் நிறுத்திவிட வேண்டும். சில மாதங்களில் இடது தானாக மேலே வரும். பார்பெல் மாதிரி இரண்டு கையும் சேர்ந்து தூக்கும் எடையில் பலமான கை சத்தமில்லாமல் கூடுதல் வேலையை எடுத்துக்கொள்ளும். அதனால் தொடக்கத்தில் ஒற்றைக் கைப் பயிற்சிகள் நல்லது. அதற்காக பார்பெல்லைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் சத்துவாச்சாரியிலிருந்து போய் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகள் இரண்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர்க்காரர்கள் நாம். முறையான பயிற்சியாளர் கிடைத்தால் மகள் எடை தூக்கக் கற்றுக்கொள்ளலாம், இந்த வயதில் தாராளமாக. எடை தூக்கினால் உயரம் வளராது என்பது வெறும் பேச்சு.

வீட்டில் செய்ய இவை போதும். பெஞ்சில் ஒரு கையையும் ஒரு முழங்காலையும் ஊன்றி, மறு கையில் மணல் நிரப்பிய பாட்டில்கள் போட்ட பையைத் தரையிலிருந்து இடுப்பு வரை இழுப்பது முதலாவது. முழங்கை பின்னால் போக வேண்டும், தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. பத்துப் பத்தாக மூன்று முறை. அடுத்தது தோளின் பின்பக்கத்துக்கு. பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுக்கில் ஒரு மடித்த துண்டை வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் இழுத்து மெதுவாக விட வேண்டும். சுலபமாகத் தெரியும், பதினைந்தாவது முறையில் எரியும். ஸ்மாஷ் அடித்த கையை நிறுத்துவது இந்தத் தசைதான். அதனால் எனக்கு ஒரே ஒரு பயிற்சியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். மேலே வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளித் தோள்பட்டைகளை முன்னால் விரிக்க வேண்டும். நான்காவது, இடது கையில் மட்டும் பாதி நிரம்பிய பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பு சாயாமல் முற்றத்தில் நடப்பது, அப்புறம் வலது கையில். வாரத்தில் மூன்று நாள் போதும்.

காலையும் மறக்க வேண்டாம். பந்தை எடுக்கப் பாயும்போது எப்போதும் ராக்கெட் பக்கத்துக் கால்தான் முன்னால் போகிறது. டெய்லர் கண்ணில் படாவிட்டாலும் தொடையிலும் வித்தியாசம் இருக்கும். ஒற்றைக் காலில் படியேறி இறங்கும் பயிற்சியை இடது காலில் தொடங்கிச் செய்யட்டும்.

வலது கையை மட்டும் பயிற்றுவித்தால் இடது கைக்கும் கொஞ்சம் பலம் போகும் என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான். 1894லேயே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டார்கள். ஆனால் அது மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வது, சதை அதனால் தடிக்காது. ஒரு கைக்குக் கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் மறு கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிடியைப் பற்றி ஒன்று. முன்கை அளவுக்கு மீறித் தடிக்க நான் அதிகம் பார்க்கும் காரணம் ராக்கெட்டை நெரித்துப் பிடிப்பது. கைப்பிடி ரொம்ப மெல்லியதாக இருந்தால் விரல்கள் இறுகும். வேலூர் வெயிலில் வியர்த்து வழுக்கினால் இன்னும் இறுகும். பந்து படும் நொடியில் மட்டும் இறுக்கி மற்ற நேரம் தளர்வாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு முழங்கை வலியும் குறைவு. கைப்பிடிக்குப் புது கிரிப் சுற்றிக் கொடுங்கள், இடுப்பில் சின்னத் துண்டு வைத்திருக்கட்டும். முழங்கையின் வெளிப்பக்கம் தொட்டால் வலிக்கிறது, காபி டம்ளர் தூக்கவே வலிக்கிறது என்று சொன்னால் ஆட்டத்தைக் குறைத்துவிட்டு என் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கேழ்வரகுக் களியும் கூழும் நம் ஊர்ச் சாப்பாடு, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதோடு முட்டை, வேர்க்கடலை, தயிர், பருப்பு. புரோட்டீன் பவுடர் தேவையில்லை. கை மெலிய வேண்டும் என்று அவள் சாப்பாட்டைக் குறைக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ந்த எலும்பு அங்கேதான் நஷ்டமாகும்.

ஆறு மாதம் இப்படிச் செய்தால் என்ன எதிர்பார்க்கலாம்? இடது கை கொஞ்சம் வரும். தோள் இரண்டும் ஓரளவு சமமாக நிற்கும். வித்தியாசம் முழுக்க மறையாது, ஆடும் வரை மறையவும் வேண்டாம். என்றைக்காவது விளையாட்டை நிறுத்தினால் தசை சில மாதங்களில் குறைந்துவிடும். எலும்பின் பருமனில் நல்ல பங்கு தங்கிவிடும். அமெரிக்காவில் இளமையில் பேஸ்பால் எறிந்து நிறுத்தியவர்களிடம் முதுமையிலும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன மெலிவு, மரத்துப்போதல், வீக்கம், முதுகு மேடு ஏதாவது தென்பட்டால் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ காட்டலாம். எதுவும் இல்லையென்றால் இந்த வாரமே பயிற்சியைத் தொடங்கலாம். ஆனால் இன்னும் மூன்று வாரத்துக்குள் போட்டி எதுவும் இருந்தால், அது முடியும் வரை சைக்கிள் டியூப் பயிற்சி மட்டும் போதும். எடையைப் போட்டி முடிந்த பிறகு எடுக்கட்டும், புதிதாகச் செய்த பயிற்சியின் தசை வலியோடு மைதானத்தில் இறங்கக் கூடாது. பி.இ.டி. ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவையுங்கள், பள்ளியில் அவர் வேறு பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரே நாளில் விழாமல் பார்த்துக்கொள்வார்.